நான்காம் வார்த்தை

பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கள் ஆலயத்தில் மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். சென்ற ஆண்டு நான்காவது எனக்கு வந்தது. பட்டப்பகலில் தேசம் இருண்டு கிடக்க, தேவன் தம்மைக் கைவிட்டதேன் என்று அவர் கதறும் வார்த்தை அது.

"லிட்ரேச்சர் பொண்ணு, நீ நல்லா பண்ணுவம்மா," என்றார் ஆயர். "பத்து நிமிஷம்தான். முடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நம்பிக்கையா முடிச்சிடு."

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஏழெட்டு மாதங்களாக என் ஜெபத்தை யாரும் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. இழப்பு எதுவும் நேரவில்லை, கோபமும் இல்லை. ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நின்று பாடினேன், வீட்டில் அம்மா ஜெபித்து முடிக்கும்போது ஆமென் சொன்னேன். இதை ஒருவரிடமும் சொல்ல முடிந்ததில்லை. இந்தப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த இருளுக்கான சொல்லைத் தேடினேன். கும்மிருட்டு சரிவரவில்லை, கரண்ட் போனால் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளும் சொல் அது, அதில் ஆள் அரவம் இருந்தது. காரிருள் என்ற சொல்லோடு மழையும் வந்து சேர்ந்தது. மையிருட்டு சற்றே அழகாக இருந்தது. அந்தகாரம் என்று ஆலயத்துக்கு வெளியே தாம்பரத்தில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை; அதை உச்சரித்த கணமே பிரசங்கமாகிவிடும். கடைசியில் சொற்களை விட்டுவிட்டு, நடந்த ஒன்றை எழுதிக்கொண்டேன்.

ஆராதனையில் அதைத்தான் வாசித்தேன். "முடிச்சூர் பக்கம் வெள்ளம் வந்தப்போ எங்க வீட்டுல நாலு நாள் கரண்ட் இல்ல. இல்லன்னு தெரியும். ஆனா ரூமுக்குள்ள போறப்பல்லாம் கை தானா சுவிட்சைத் தட்டும். நான் ஜெபம் பண்றது இப்ப அப்படித்தான் இருக்கு. கை போகுது. வெளிச்சம் வரல. வரும்னு நான் நினைக்கவும் இல்ல."

நம்பிக்கை எதையும் சேர்க்காமல் இறங்கினேன். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஸ்தோத்திரம்!" என்றது. ஐந்தாம் வார்த்தைக்கான பாடல் தொடங்கியது.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசல் பந்தலில் வழக்கம்போல் கஞ்சி ஊற்றினார்கள். பாடகர் குழுவின் அக்கா ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எப்படிடி இது! அப்படியே இயேசுவோட மனசுக்குள்ள புகுந்து பேசிட்டியே. 'நான், நான்'னு சொன்ன பாரு, அதுல எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எட்டே நிமிஷம்!" என்றார் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அங்கிள். "நாலாவது வார்த்தைன்னா எப்பவும் அரைமணி இழுப்பாங்க. இந்த வருஷம்தான் கஞ்சி சூடா கீது. அடுத்த வருஷமும் நீயே பேசும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் மறைக்காமல் சொன்ன ஒரே உண்மையை அவர்கள் திறமையென்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதைத் திருத்துவதற்கு இன்னொரு முறை சொல்ல வேண்டும். அதற்கான துணிவு என்னிடம் மிச்சமில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, வேளச்சேரி சாலையைக் கடக்கக் காத்து நின்ற இடத்தில், வண்டிகளைப் பார்த்தபடியே அம்மா கேட்டார்.

"அந்த சுவிட்சு கதை... அது பிரசங்கத்துக்காகச் சொன்னதுதானே?"

பதிலையும் சேர்த்தே கேட்டிருந்தார். அவர் கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தார்.

"ஆமாம்மா. பிரசங்கத்துக்குத்தான்."

"அதானே! ஒரு நிமிஷம் நான் நிஜம்னே நினைச்சுட்டேன்டி."

என் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். மறுபக்கம் வந்த பிறகும் விடவில்லை.

அன்று மாலைக் குடும்ப ஜெபத்தை என்னையே நடத்தச் சொன்னார். நடத்தினேன். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.