பின்சீட்டுக்கு ஆகாத கார்

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பொனட்டைத் திறந்து பார்ப்பார்கள். நான் பின்சீட்டில் ஏறி இருந்து பார்த்தேன். முழங்கால் தாடையில் இடித்தால் எனக்குச் சந்தோஷம். வெம்பிளியில் கார் விற்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

காரணம் இவர்தான், என் கணவர். இவருக்குக் கண்ணில் அழுத்தம். நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டு வந்தது. முப்பது வருஷம் லண்டன் ரோட்டில் டெலிவரி வேன் ஓட்டிய மனிதர், ஒருநாள் காலை லைசன்ஸை உறையில் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் காரை நான்தான் ஓட்டினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் நன்றாகவே ஓட்டுவேன். ஆனால் இவர் என் பக்கத்தில் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் நட்டநடுவில் போய்க் குந்தினார்.

"முன்னுக்கு வாங்கோ. நான் என்ன டாக்ஸிக்காரியே?"

"இல்லையப்பா, எனக்கு இது வசதி."

ஒன்றரை வருஷம் இதே பதில்தான். ஒரு கலியாண மண்டப வாசலில் இவர் பின்னாலிருந்து இறங்குவதைப் பார்த்த மச்சாள், "என்ன, அண்ணைக்கு டிரைவர் வேலை பாக்கிறீங்களோ?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்த வீடு எங்களுடையது. நாங்கள் கதைத்ததெல்லாம் வாகனத்தில்தான், அவர் ஓட்ட நான் பக்கத்தில் இருந்து. பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது, வீடு வாங்கியது, சண்டை பிடித்தது, சமாதானமானது எல்லாம் முன்சீட்டில். ஓட்ட முடியாத ரோசத்தில் மனிதர் என்னைத் தனியே விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் நோர்த் சர்க்குலர் ரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது, முன்னால் ஒரு மஸ்டாங் நின்றது. பழைய காலத்து அமெரிக்கக் காரைப் போலவே புதிதாகச் செய்து விடுகிறார்களே, அந்த நீள மூக்குக் கார்தான். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பதினைஞ்சு. வலப்பக்க ஸ்டியரிங்கோட வந்த முதல் வருஷம்."

இவருக்கு அந்தக் காரில் அப்படி ஒரு பைத்தியம். விளக்கைப் பார்த்தே வருஷம் சொல்லுவார். நான் பார்த்தது வேறு. அதற்கு இரண்டே கதவு. பின்சீட்டு என்ற பெயரில் இருப்பது ஷொப்பிங் பை வைக்கிற இடம். பச்சை விழுவதற்கு முன்னமே முடிவெடுத்துவிட்டேன்.

முதலில் வால்தம்ஸ்டோவில் ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் போனோம். பதினைந்துக்கு முந்தியது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. பழைய முகம் அதில்தான் அப்படியே இருந்தது. இவர் பொனட்டைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம்.

"முன்னுக்குப் போறவனை முந்தேக்க எதிரில வாகனம் வருதோ எண்டு வலப்பக்கம் இருக்கிற நான்தான் பாத்துச் சொல்லவேணும்," என்றார். "என்ர கண்ணை நம்பி முந்தப் போறீரோ?"

அதோடு அந்தக் கார் முடிந்தது. பிறகு வந்ததுதான் வெம்பிளிக் கடை. பாரிசில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் நடத்துவது. ஆகப் புதிய மொடலைத்தான் முதலில் காட்டினார். உள்ளே ஸ்டியரிங்கிலிருந்து நடுவரைக்கும் ஒரே திரை. எனக்கு அது டிவிக் கடை மாதிரி இருந்தது. முள் ஆடுகிற வட்ட மீட்டர் இல்லாமல் என்ன பழைய கார்? அடுத்துக் காட்டியது பதினெட்டாம் வருஷத்துக் கார். அதில் மூக்கைத் தாழ்த்தி, விளக்கையும் மாற்றியிருந்தார்கள்.

"கோவக்காரர் மாதிரி முழிக்குது," என்றார் இவர். "வீட்டில இருக்கிற ஒராளே போதும்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதினேழைக் காட்டினார். வட்ட மீட்டர், விமானத்தில் இருப்பது போலத் தட்டுகிற சுவிட்சுகள், பின்சீட்டு படுமோசம். எனக்குப் பிடித்துவிட்டது. இவர் நம்பர் தகட்டைப் பார்த்தார். இங்கே பதிந்த வருஷம் தகட்டிலேயே இருக்கும்.

"ஒண்டும் ஏழும் எட்டு. சனி. நீர் எடும், நான் ஏறமாட்டன்."

"நாங்கள் கலியாணம் கட்டினதும் பதினேழாம் திகதிதான்."

"அதுதான் சொல்லுறன்."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நேரம் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ஏறமாட்டேன் என்று அவர் சொன்னால் ஏறமாட்டார், எனக்குத் தெரியும். கடைக்காரர் கெட்டிக்காரர். "அக்கா, அதே முகம், அதே எஞ்சின், பதினாறின்ர கடைசியில பதிஞ்சது ஒண்டு நிக்குது. தகட்டில அறுபத்தாறு," என்றார். வருஷத்தின் பிற்பாதியில் பதிந்தால் வருஷத்தோடு ஐம்பதைக் கூட்டித் தகட்டில் போடுவார்கள். இவர் மனதுக்குள் கூட்டினார்.

"பன்னிரண்டு. ஒண்டும் ரெண்டும் மூண்டு. வியாழன். சரி."

கார் நீலம். நான் இன்னொரு தடவை பின்னால் ஏறி, இறங்க முடியாமல் கடைக்காரரின் கையைப் பிடித்து இறங்கினேன். "இதுதான்," என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பூசை செய்விக்க ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். இவர் கதவைத் திறந்தார், முன்சீட்டை மடித்தார், பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு காலை உள்ளே வைத்தார், எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானே?"

"ஓம்."

சீட்டை நிமிர்த்தி, என் பக்கத்தில் ஏறி, பெல்ட்டைப் போட்டார். எனக்கு வந்த பெருமை சொல்லி முடியாது. எஞ்சின் உறும உறும நோர்த் சர்க்குலரில் நான் கதைத்துக்கொண்டே போனேன், ஒன்றரை வருஷத்துக் கதையும். இவர் நேரே ரோட்டைப் பார்த்தபடி "ம், ம்" என்றார். சிவப்பு விளக்கில் நிறுத்திக் கேட்டேன்.

"எப்பிடி இருக்கு?"

"கார் திறம். உம்மைத்தான் தெரியேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"பின்னுக்கு நடுவில இருந்தால், நீர் பின்னால பாக்கிற கண்ணாடியில உம்மட முகம் எனக்கு நேர தெரியும். இஞ்ச இருந்தால் குரல் மட்டும்தான் வருது. பக்கத்தில ஒருத்தரும் இல்லை."

"இதை ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"சொன்னால் கண் எவ்வளவு போயிட்டுது எண்டு உமக்குத் தெரிஞ்சிடும்."

ரோசம் என்று நான் வைத்துக்கொண்டிருந்த பெயர் எவ்வளவு பிழை. இவர் பெல்ட்டை ஒரு கையால் தளர்த்தி, உடம்பை முழுதாக என் பக்கம் திருப்பி, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "இப்ப தெரியிறீர்," என்றார். பச்சை விழுந்து, பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் நான் காரை எடுத்தேன். ஆர்ச்வே வரும்வரை இவர் ரோட்டின் பக்கம் திரும்பவே இல்லை.