ரெய்னோ பிடித்த போர்வை

கனடாவின் தண்டர் பே நகரில் பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கும் ரெய்னோ சால்மிக்கு அடுத்தவன் புதுசு வாங்கினால் வயிறு எரியும். எரிவதை மறைக்கவும் தெரியாது. காது இரண்டும் சிவந்துவிடும்.

வீட்டு பேஸ்மென்ட்டில் அவன் கட்டிய, கண்ணில் மாட்டினால் வேறு உலகம் காட்டும் வி.ஆர். அமைப்பு இரண்டு வருஷ உழைப்பு. ஹெட்செட், தலைசுற்றுகிறது என்று யாரோ ஒருத்தி பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. கம்ப்யூட்டர், கல்லூரி ஏலத்தில் எடுத்தது. ஒயர் காலில் சிக்காமலிருக்க, நாயை நடத்திப்போகும், தானாகச் சுருளும் வார் மூன்றை உத்தரத்தில் மாட்டி அதில் தொங்கவிட்டிருந்தான். விமானி உட்கார, கழித்துப்போட்ட பஸ்ஸின் டிரைவர் சீட்.

இத்தனையும் நண்பன் வெர்னுக்காக. முப்பது வருஷம் ஏரிகளில் இறங்கும் சின்ன விமானம் ஓட்டியவன் வெர்ன். இதயம் சரியில்லை என்று லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். அதன்பிறகு கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று ஞாயிறுதோறும் ரெய்னோ வீட்டுக்கு வந்துவிடுவான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுப்பீரியர் ஏரிக்கு மேலே பறப்பான்.

"பஸ் சீட்டுல உக்காந்து பறக்குற ஒரே பைலட் நான்தான்டா," என்பான். அதைக் கேட்க ரெய்னோ வாரம் முழுக்கக் காத்திருப்பான்.

அப்போதுதான் படகுக்கடை வைத்திருக்கும் க்ரேக் தானும் ஒரு வி.ஆர். அமைப்பு வாங்கினான். எல்லாமே புதுசு. பெட்டி பிரித்த வாசனை போகுமுன்பே வெர்னைக் கூப்பிட்டுவிட்டான். வெர்னும் போனான். அடுத்த ஞாயிறும் அங்கேதான். ரெய்னோ ஊற்றிய காப்பி ஆறிக்கிடந்தது.

"போனா போறான்," என்று மனைவி ஐலியிடம் சொன்னான்.

"காதைக் கண்ணாடியில பாரு," என்றாள் அவள்.

மூன்றாம் ஞாயிறு ரெய்னோவும் க்ரேக் வீட்டுக்குப் போனான். பார்க்கத்தான் போகிறேன் என்றான். உள்ளே நுழைந்ததுமே அவனுக்குப் பிடித்துவிட்டது, அதுதான் எரிச்சல். வெர்ன் சீட்டில் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பறக்கத் தொடங்கினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, சீட்டின் கையை இறுகப் பிடித்தான். முகம் வெளுத்தது.

"வானம் குதிக்குது. எடு, எடு."

ஹெட்செட்டைக் கழற்றினார்கள். வெர்னுக்கு வேர்த்துக்கொட்டியது.

"மூணு வாரமா இப்படித்தான்," என்று க்ரேக் ரெய்னோவிடம் மெதுவாகச் சொன்னான். "சாமான் புதுசு. இவருக்குத்தான் வயசாயிடுச்சுபோல."

ரெய்னோ சுவரைப் பார்த்தான். க்ரேக் உடற்பயிற்சி செய்ய மாட்டிய ஆளுயரக் கண்ணாடி, சுவர் முழுக்க. மூலையில் வைத்த இரண்டு சின்னப் பெட்டிகள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். அதைக்கொண்டுதான் ஹெட்செட் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். எதிரே கண்ணாடி இருந்தால் ஒளி இரண்டு பக்கமிருந்தும் வந்து அதைக் குழப்பிவிடும். ஐலியின் அலங்காரக் கண்ணாடியால் ரெய்னோ இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு கற்றது இது. ஒரு பழைய திரை போட்டதும் சரியாகிவிட்டது.

அவன் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் பாயசம் குடித்ததுபோல இருந்தது. அடுத்த ஞாயிறு வெர்ன் தானாகத் திரும்பி வருவான்.

"வா வெர்ன், நம்ம வீட்டுக்குப் போலாம். பஸ் சீட்டு காலியாத்தான் இருக்கு."

வெர்ன் நிமிரவில்லை. "இல்லடா. க்ரேக் சொல்றதுதான் சரி. அன்னைக்கு டாக்டர் இதயம் போச்சுன்னாரு. இப்ப தலையும் போச்சு. இனிமே எங்கயும் பறக்கல." கோட்டை எடுத்தான். ஒரு கை உள்ளே போக, மறு கை கோட்டுக்கையைத் தேடித் தடவியது.

ரெய்னோவுக்குக் குடித்த பாயசம் கசந்தது. கண்ணாடியைப் பற்றிச் சொன்னால் வெர்ன் க்ரேக்குக்கு. சொல்லாவிட்டால் வெர்ன் யாருக்கும் இல்லை, வெர்னுக்கே கூட இல்லை.

"உக்காரு," என்றான். "உன் தலைக்கு ஒண்ணும் ஆகல. க்ரேக், ஒரு போர்வை கொண்டா."

க்ரேக் பெரிய கம்பளிப்போர்வையைக் கொண்டுவந்தான். புதுச் சுவரில் ஆணி அடிக்கவேண்டாம் என்று கெஞ்சினான். ரெய்னோ சோபாமேல் ஏறி நின்று, போர்வையை இரண்டு கையாலும் விரித்துக் கண்ணாடியை மறைத்துப் பிடித்தான்.

வெர்ன் மறுபடி பறந்தான். இந்தத் தடவை வானம் குதிக்கவில்லை.

"அடடா," என்றான் கொஞ்சநேரம் கழித்து. "அலைமேல வெயில் அடிக்கிறதுகூட தெரியுது. உன்னோடதுல இது தெரியாதே, ரெய்னோ."

"தெரியாது," என்றான் ரெய்னோ. காது கொதித்தது. தோள் கடுத்தது.

"இன்னும் ஒரு சுத்து போகட்டுமா?"

"போ," என்றான், போர்வையை இறக்காமல்.