பூட்டிய நரகமும் உபகாரமும்

ஆயக்குடிக்காரர் உபகாரம், குருவாகப் போகிற மாணவர்கள் படிக்கும் ஒரு கொடைக்கானல் மலைச்சரிவுக் குருமடத்துக்கு வந்தது பாத்திரம் தேய்க்க. பனிக்காலத் தண்ணீரில் அவர் கைகள் வெடித்துப்போனதைப் பார்த்த ஒரு பாதிரிச் சாமி, 1952இல் அவரை நூலகத்துக்கு மாற்றினார்.

அங்கே ஐரோப்பாவின் சிந்தனையெல்லாம் சுவரோரம் வரிசையாக நின்றது. முதலில் இடைக்கால இறையியலார்; ஊசிமுனையளவு சந்தேகத்துக்கும் தலையணை கனத்தில் பதில் எழுதியவர்கள். அடுத்து, பழைய கிரேக்கத்தைத் தோண்டியெடுத்து அதைப் புதிது என்று கொண்டாடிய மறுமலர்ச்சிக்காரர்கள். கடைசியில் ஒரு பூட்டிய அலமாரி. பகுத்தறிவே வெளிச்சம் என்று சொன்ன பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குள் இருட்டில் இருந்தார்கள். திருச்சபை தடைசெய்த நூல்கள் அவை. மாணவர்கள் அந்த அலமாரிக்கு வைத்த பெயர் நரகம். சாவி உபகாரத்தின் இடுப்பில். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும் என்பதுதான் அந்தப் பதவிக்குத் தகுதி.

“அண்ணே, ஒரே ஒரு அரைமணி நேரம்” என்று மாணவர்கள் கெஞ்சுவார்கள்.

“என் சோலிக்கு உலை வைக்காதீங்க பிரதர். போயி ஜெபம் பண்ணுங்க.”

வருங்காலக் குருமாரையே ஜெபத்துக்கு விரட்டும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? மனைவி அருள்மேரிக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை. “நரகத்துக் காவக்காரரே, வெரசா வெறகு கொண்டாங்க” என்பாள்.

1966இல் ரோமிலிருந்து சேதி வந்தது: தடைப்பட்டியல் இனிச் சட்டமில்லை. சரித்திரம் நடத்தும் சாமி உற்சாகத்தில் அலமாரிக் கதவையே கழற்றச் சொல்லிவிட்டார். உபகாரம் இடுப்பில் சும்மா தொங்கிய சாவியைத் தடவிப் பார்த்தார். பூட்டில்லாத நரகத்துக்குக் காவல் எதற்கு? சமையற்கட்டில் ஆள் போதவில்லை என்று வேறு பேச்சு அடிபட்டது.

முதல் வாரம் கூட்டம் முட்டியது. பிறகு ஈ காக்கை இல்லை. அந்த நூல்களைப் பற்றிச் சாமி கட்டுரை எழுதச் சொல்லியும் மாணவர் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

“என்ன உபகாரம், சீந்துவாரில்லாமக் கெடக்கு?” என்றார் சாமி.

“வேலி போட்ட கொய்யாத் தோப்புலதான் சாமி களவு போகும். சந்தையில கூறு கட்டி வச்சா எவன் திரும்பிப் பாப்பான்? பூட்டிப் பாருங்க.”

“சுதந்திரமாச் சிந்திக்கச் சொன்ன புத்தகத்தைப் பூட்டச் சொல்றீரா?”

“சிந்திக்கிறது அவுங்க இஷ்டம் சாமி. பூட்டுறது நம்ம இஷ்டம்.”

மறுநாளே தச்சர் வந்து கதவை மாட்டினார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் உபகாரத்திடம் கேட்டு வாங்க வேண்டும் என்று விதியானது. கேட்டவுடன் கொடுத்துவிட அவர் என்ன பைத்தியமா? ஏற இறங்கப் பார்ப்பார்; பெருமூச்சு விடுவார்; “நல்லா யோசிச்சீங்களா பிரதர்?” என்று கேட்டுவிட்டே திறப்பார். வரிசை வாசல்வரை நின்றது.

சமையற்கட்டுக்குத் தாண்டிக்குடியிலிருந்து வேறு ஆள் வந்தார்.