நாகூரிலிருந்து தஞ்சாவூருக்கு, ஷமீமாவின் ஸ்கேன் முடிவு கேட்க

தை அறுவடை நேரத்தில் நாகூரிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போனோம். ஊர் சுற்ற அல்ல, என் மனைவி ஷமீமாவின் ஸ்கேன் முடிவைக் கேட்க. நான் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தேன். பதற்றம் வந்தால் அவளுக்கு முகமும் கழுத்தும் சிவந்துவிடும், நெஞ்சு படபடக்கும், வயிற்றால் போகும். "எனக்குக் கோவத்த அடக்கத் தெரியல மச்சான்" என்று போனில் அழுவாள். மாதவிடாய் நிற்கிற வயசு என்றார்கள் சொந்தக்காரர்கள்.

தூரம் எண்பது கிலோமீட்டர் சொச்சம். திருவாரூர் வரை சிக்கல் இல்லை. அதைத் தாண்டியதும் ஓர் அறுவடை மெஷின் ரோட்டை அடைத்து நின்றது. எங்கள் டிரைவர் செல்வம் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார். மெஷின்காரரும் பதிலுக்குக் கத்தினார். திரும்பிப் பார்த்தேன். ஷமீமாவுக்கு முகம் செக்கச்சிவந்து, மூச்சு வாங்கியது.

"சத்தம் வேணாம்பா, அவங்களுக்கு முடியல" என்றேன்.

செல்வம் சட்டென்று கையை எடுத்தார். "மன்னிச்சுக்குங்கக்கா." இறங்கிப் போய்த் தணிவாகப் பேசினார். மெஷின்காரர் வண்டியை வயலில் இறக்கி வழிவிட்டார். ரோட்டோரம் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, "உள்ள வாம்மா, கூச்சப்படாத" என்று ஷமீமாவைத் தன் வீட்டுக் கழிவறைக்கு அழைத்துப்போனார். அவர் நன்றாக இருக்கட்டும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் வழியில் நடந்ததைச் சொன்னோம்.

"சிறுகுடல்ல ஒரு கட்டி இருக்கு, கல்லீரலுக்கும் கொஞ்சம் போயிருக்கு. இது ஹார்மோன் சுரக்குற கட்டி. பதறுனா உடம்புல அட்ரினலின் வரும்ல? அதை வாங்கிக்கிற ரிசெப்டர் இந்தக் கட்டியோட செல்கள் மேலயும் இருக்கு. அட்ரினலின் அதுல ஒட்டுனதும், கட்டி தன்கிட்ட இருக்குற ஹார்மோனை ரத்தத்துல விட்டுடும். அதான் முகம் சிவக்குது, வயித்தால போகுது."

"அப்ப இது என் குணம் இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. கட்டியோட வேலை."

ஷமீமா அழுதாள். பயத்தில் அல்ல, நிம்மதியில் என்று வெளியே வந்ததும் சொன்னாள்.

சுரப்பை அடக்க மாதம் ஓர் ஊசி போட்டார்கள், பிறகு ஆபரேஷனும் நடந்தது. இப்போது கல்லீரலில் மிச்சமிருப்பது வளராமல் நிற்கிறது.

இதே காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு: அறுவடைக் காலத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்தக் கட்டி இருப்பதைச் சொல்லுங்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கலாம். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

நான் மறுபடி ஷார்ஜா போவதைப் பற்றிப் போன வாரம் பேச்செடுத்தேன். ஷமீமா தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டாள். முகம் சிவக்கவே இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.