மூன்றாவது வரியில் நின்றுவிட்ட குறிப்பு

லண்டன் வெம்பிளியில் ஒரு கேட்டரிங் கடையின் சமையலறைக்கு, வரும் ஓடர்களை வரிவரியாகக் காட்டும் திரைக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை அங்கே நடந்தது இது:

1. திரையில் ஏழு ஓடர்கள். மூன்றாவது, ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பிரியாணி. திரையைப் பார்க்கும் சுகந்தி அக்கா அதற்கு எதிரே உள்ள குறிப்புப் பெட்டியில் "கஜு, கச்சான் கூடாது, அலர்ஜி" என்று தட்டினார்; முந்திரியும் நிலக்கடலையும் ஆகாத பிள்ளை.
2. முதல் ஓடர் முடிந்தது. அந்த வரியை நீக்கினார். மற்றவை மேலே ஏறின.
3. குறிப்பு ஏறவில்லை. மூன்றாவது வரியிலேயே நின்றது. அங்கே இப்போது வேறொருவரின் சாப்பாடு.
4. பிறந்தநாள் பிரியாணியில் கஜு போட்டார்கள்.
5. பார்சல் கட்டும்போது, அலர்ஜி என்று போனில் சொன்ன பிள்ளையின் தாயின் குரல் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. பிரியாணியை மறுபடி சமைத்தார்கள்.

உடனே எனக்கு போன் செய்தார். "தங்கச்சி, நான் சரியாத்தான் தட்டினனான்."

"வரி மாறித் தட்டியிருப்பீங்கள் அக்கா," என்றேன்.

"இருக்கும்," என்றார். பின்னால் முதலாளி அண்ணையின் குரல்: "இனி நீ திரையில கை வைக்காத. போய் வெங்காயத்த வெட்டு!"

அந்த "இருக்கும்" என்னை உறுத்தியது. திங்களன்று கடைக்குப் போய், செய்ததையே திரும்பச் செய்யச் சொன்னேன். என் கண் முன்னே குறிப்பு இடம் மாறியது.

பட்டியலை, ஓடருக்கு ஒரு வரியாகத் திரையில் போடும் v-for கட்டளை கொண்டு எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாக key கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது வரிசை எண். அதனால் மூன்றாவது வரி எப்போதும் அதே வரிதான். பெயரும் சாப்பாடும் மாறும், குறிப்புப் பெட்டியில் தட்டியது அப்படியே நிற்கும். சோதிக்கும்போது நான் எப்போதும் கடைசி வரியையே நீக்கிப் பார்த்தேன்; அப்போது எந்த வரியும் இடம் மாறாது. சமையலறையில் முதலில் முடிவது முதல் ஓடர்.

"அப்ப இவ பிழை விடேல்லையோ?" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை. பிழை என்ர."

"ரெண்டு நாளா வெங்காயம் வெட்டி அழுதனே, அதுக்கு ஆர் பதில்?" என்றார் அக்கா. அண்ணை தானே கத்தியை வாங்கிக்கொண்டார்.

இப்போது key, ஓடர் எண். பெட்டியில் தட்டுவதை ஓடரின் தகவலிலேயே சேமிக்கும் v-model மூலம் குறிப்பை அந்தந்த ஓடரோடு சேர்த்துவிட்டேன். எந்தப் பட்டியலைச் சோதித்தாலும் முதல் வரியைத்தான் முதலில் நீக்குகிறேன். அக்கா மீண்டும் திரையில் இருக்கிறார். அலர்ஜி என்றால் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியிலும் மார்க்கரால் எழுதுகிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.