காஜா பேராங்குக்குக் கொண்டுபோன கத்தி

வெள்ளிக்கிழமை, ஜப்பான் மணி பன்னிரண்டு. மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்; வெயில் என்னவோ பத்தரை மணி வெயில்தான். துரியான் துங்காலுக்கு அருகில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுன் ஏறத்தாழ பத்து மைல். டியூப் கிடைக்காத காலம் என்பதால் டயருக்குள் கயிறு திணித்த சைக்கிளில் கிளம்பினேன். என் மனைவி மங்களம் ஐந்து நாளாக மலேரியாக் காய்ச்சலில் கிடந்தாள். காஜா பேராங்கில், தமிழ் வழிவந்து மலாயே பேசும் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கம்பம் என்ற கிராமத்தில், ஒருவரிடம் கொயினா மாத்திரை இருப்பதாகக் கேள்வி. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை அவர் தொடுவதில்லையாம், பொருள்தான் வேண்டுமாம்.

"பொழுதோட வந்துருங்க," என்றாள் மங்களம்.

என்னிடம் இருந்த விலைபெறும் ஒரே பொருள் ஒரு மடக்குக் கத்தி. ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டு ஓடும்போது என் கையில் திணித்துவிட்டுப் போனது. சீமை எஃகு, மான்கொம்புப் பிடி, இரண்டு அலகு. அன்றிலிருந்து அது என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. மரவள்ளி சீவினேன், கயிறு அறுத்தேன், காலில் தைத்த முள்ளை எடுத்தேன். வாரத்துக்கு இரண்டு இழுப்பு கல்லில் தீட்டினால் போதும். பெரிய அலகு திறந்தால் ஆடாது. மூடும்போது வரும் சத்தத்துக்காகவே சும்மா திறந்து மூடிக்கொண்டிருப்பேன். குறை என்றால் ஒன்றுதான்: சின்ன அலகைத் திறக்க நகம் வலுவாக இருக்க வேண்டும். மங்களம் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவாள்.

டவுன் எல்லையில் ஜப்பான் சிப்பாய் நின்றான். இறங்கிக் குனிந்தேன். குனிந்தது போதவில்லையாம், வெயிலில் நிற்கவைத்துவிட்டான். அன்று மட்டும் கத்தியை இடுப்பில் வைக்காமல் சைக்கிளில் கட்டிய மரவள்ளிக் கட்டுக்குள் ஒளித்திருந்ததால் அது தப்பியது. ஏழரைக்குத்தான் போகவிட்டான்.

எட்டேகால், காஜா பேராங். மாத்திரைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். கைமாற்றினால் பகை வரும் என்பதால் கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் தரையில் வைத்தேன். அவர் எடுத்துத் திறந்து, முன்கை முடியை வழித்துப் பார்த்தார், பிடியை அசைத்துப் பார்த்தார்.

"பீசாவ் பாகுஸ்," நல்ல கத்தி என்றார். பத்து மாத்திரைக்குப் பேச்சு முடிந்தது. எடுக்க எழுந்தவரை அவர் மனைவி நிறுத்தினாள்.

"பெலித்தா சூடா பாசாங்."

விளக்கு ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. "பேசோக் பாகி," நாளைக் காலை தருகிறேன் என்றார் அவர்.

எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். மங்களம் உப்புக்கூடக் கொடுக்கமாட்டாள். மனசில்லாமல் தந்த மருந்து உடம்பில் பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தலையாட்டிவிட்டு அவர்கள் திண்ணையிலேயே படுத்துவிட்டேன். நிலா இருந்தது, இரவே போய்ச் சேர்ந்திருப்பேன். கெஞ்சியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். சிப்பாய்க்குக் குனிந்தவன்தானே நான்.

சனிக்கிழமை, மணி எட்டு. மாத்திரையைப் பொட்டலமாக மடித்துத் தந்தார். அந்த அம்மாள் வழிக்கு அவித்த கிழங்கும் வைத்தாள். அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. எல்லையில் நன்றாகவே குனிந்தேன்.

பத்தரை. எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ராசம்மா நின்றாள்.

"விடியறதுக்கு முன்னயே போயிருச்சுண்ணே. ராத்திரி பூரா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி கிழிக்கச் சொன்னார்கள். பழைய சேலைதான், ஆனாலும் கரை கிழிய மறுத்தது. என் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே மாத்திரைப் பொட்டலம்தான் இருந்தது.