கிள்ளானில் மூன்று வரி பழகினேன்

என் மகள் இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், அவளுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

என் கணவர் அப்போது ரயிலில் கார்டுக்கு உதவியாள். "கார்டு வேலை கெடைக்கட்டும், புதுச் சட்டை போட்டுக்கிட்டு மூணு பேரும் போயி எடுத்துக்கலாம்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தரவு அவள் இறந்த இரண்டாம் வாரம் வந்தது. புதுச் சட்டையை அவர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதை நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை தமிழ் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ரயில்வே கோட்டர்ஸுக்கு வந்தோம். வரிசை வீடு, வாசலில் மூன்று படி, வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள். மகள் போன பிறகு அந்த வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தோம். பேச்சு இல்லை. அவர் போட்டோவைத் தள்ளிப்போட்டதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமல் இருந்ததே அவருக்குப் போதுமான தண்டனை என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரே ஒருநாள் வந்து நின்றார். "போன கிறிஸ்மஸுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்கள வச்சு ஜப்பான்காரரு ஒரு படம் எடுத்தாருல்ல? பாப்பா அதுல இருப்பா. கேட்டுப் பாக்கலாம், வா."

அந்த ஜப்பான்காரருக்குக் கடைத்தெருவில் போட்டோ கடை. கடைக்காரர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, உள்ளே போய், கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மரத்தடியில் நாலு வரிசைப் பிள்ளைகள். இரண்டாம் வரிசையில் ஓரத்தில் அவளுடைய கவுன். நான் தைத்த கவுன், பொத்தான்கள்கூடத் தெளிவாக இருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் புகைபோல ஒரு கலங்கல்.

"குழந்தைகள் அசைந்துவிடும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, தன் குற்றம் போல இடுப்பு வரை குனிந்து வணங்கினார். என் கணவர் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து கடைக்காரரின் மனைவி வந்தாள். என் வயதுதான் இருக்கும், முப்பதுக்குள். படங்களுக்கு வண்ணம் தீட்டுவது அவள் வேலை; விரல் நுனியெல்லாம் ரோஸ் நிறம். "வர்ணம் போட்டு முகம் வரைய முடியுமா?" என்று கேட்டேன்.

"முகம் வரையலாம், காக்கா. உன் மகள் முகமா இருக்காது" என்றாள்.

காக்கா என்றால் மலாயில் அக்கா. நாங்கள் பேசியது முழுக்கக் கடைத்தெரு மலாய். இங்கே தமிழில் எழுதுகிறேன். இருவருக்கும் அது அரைகுறைதான். அதனால் சுற்றி வளைத்துப் பேச வழியே இல்லை.

பிறகு அவள் கேட்டாள்: "எதைப் பார்க்கத் திரும்பினாள்?"

அதை அதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை. யோசித்தேன். படம் எடுக்கும்போது பாலத்தில் ரயில் ஊதியது. அப்பா வண்டி என்று நினைத்துத் திரும்பியிருப்பாள். சொன்னேன். அவள் ஒரு கையின் விரல்களைக் கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். மேசையில் கிடந்த துண்டுக் காகிதத்தில் தன் எழுத்தில் ஏதோ எழுதினாள். என்ன என்று கேட்டேன். ரயில் ஊதியது, பிள்ளை திரும்பினாள், கழுத்துப் பட்டி மட்டும் அசையவில்லை. அவ்வளவுதான், பாட்டு என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மகளைப் பற்றி முதலில் எழுதியவள் அவளைப் பார்த்தே இராத ஒருத்தி.

அடுத்த புதன்கிழமை, கணவர் வண்டியில் போன பிறகு, நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். எனக்கும் அதுபோல எழுதவேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பின்கட்டில் வண்ணக் கிண்ணங்களைத் தள்ளி இடம் ஒதுக்கினாள். தானும் கற்றுக்கொள்கிறவள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பல் வைத்தியம் பார்க்கும் ஜப்பான்காரர் ஒருவரின் மாடியில் மாதம் ஒருமுறை அவர்கள் கூடிப் பாட்டு எழுதுவார்களாம். பெயர் போடாமல் எல்லாவற்றையும் வாசித்து, நல்லதைப் பொறுக்குவார்களாம். அவளுடையதை யாரும் பொறுக்குவதில்லையாம்.

முதல் வரியில் ஒலிகள் ஐந்து, அடுத்த வரியில் ஏழு, கடைசி வரியில் மறுபடி ஐந்து. இதில்தான் எங்களுக்கு முதல் சண்டை. அவள் மொழியில் புத்தகத்துக்கு ஹொன் என்று பெயர். அதற்கு இரண்டு விரல் மடக்கினாள். கடைசி 'ன்'னுக்கும் ஒரு விரல். நான் பொன் என்று சொல்லி, கட்டைவிரலால் ஒரே ஒரு விரற்கணுவைத் தொட்டேன். புள்ளி வைத்த எழுத்தைப் பாட்டில் எண்ணக்கூடாது என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். "சத்தம் இருக்கே, அதை எங்கே போட்டாய்?" என்றாள். "இருக்கு. ஆனா எண்ணுறதில்ல" என்றேன். ஒரு மணி நேரம் அதையே பேசினோம். கடைசியில் என் மொழிக்கு என் கணக்கு என்று விட்டுக்கொடுத்தாள்.

முதலில் நான் எழுதியது எல்லாம் கண்ணே, மணியே, என்னை விட்டுப் போனாயே என்றுதான் வந்தது. மலாயில் சொல்லிக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அழுகிறது தெரிகிறது. எதைப் பார்த்து அழுகிறாய், அது தெரியவில்லை." அழுகை என்ற சொல்லையே எழுதக்கூடாது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். இரண்டு புதன்கிழமை போகவில்லை.

மூன்றாவது புதன்கிழமை போனபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் ஊற்றினாள். அன்று காலத்தைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு பாட்டிலும் வருஷத்தின் ஒரு காலம் இருக்கவேண்டுமாம். கிள்ளானில் ஏது காலம்? வெயில், மழை, திரும்பவும் வெயில். இருவரும் யோசித்து ஒரு பட்டியல் போட்டோம். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதம். டுரியான் பழம் வரும் மாதம். ஆறு கரை ஏறும் மாதம். ரப்பர்க் காய் வெயிலில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும் மாதம். அவள் அந்தக் காயை வைத்து ஒரு பாட்டு எழுதி மாடிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். இதெல்லாம் ஒரு காலமா என்று சிரித்தார்களாம். "கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு பனி விழுவதை எழுதுகிறார்கள்" என்றாள். அன்றுதான் அவள் முகத்தில் கசப்பைப் பார்த்தேன்.

அவளுக்கு ஒரு மகன். அவனை நாலு வயதில் ஜப்பானில் மாமியாரிடம் படிக்க விட்டுவிட்டு வந்தவள். இப்போது ஒன்பது. "அவனைப் பத்தி எழுதியிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லை. கூப்பிட்டால் இப்போது எப்படித் திரும்புவான் என்று எனக்குத் தெரியாதே."

காய் வெடிக்கும் மாதம் வந்தது. என் மகள் அந்தச் சத்தத்துக்காகவே வாசற்படியில் காத்திருப்பாள். வெடித்ததும் விழுந்தடித்து ஓடி விதை பொறுக்குவாள். ஒரு மத்தியானம் அடுப்படியில் நின்றபோது வேலிப்பக்கம் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அன்றே எழுதினேன்:

காய் வெடித்தது
திரும்பிப் பார்க்கிறேன் நான்
காலிப் படிகள்

புதன்கிழமை அவள் மூன்று தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, "பார்க்கிறது நீதான். 'நான்' எதற்கு?" என்றாள். எடுத்தால் கணக்கு ஆறாகிவிடும் என்றேன். வீட்டுக்குப் போய் யோசி என்றாள். மூன்று நாள் துணி துவைக்கும்போதும் விரற்கணுவைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். 'இன்னும் திரும்புகிறேன்' என்று வந்தது. ஏழு. நோட்டில் அடித்துத் திருத்தி எழுதினேன். மகள் போன பிறகு ஒன்றைச் சரியாகச் செய்தேன் என்று தோன்றியது அப்போதுதான்.

அந்த நோட்டு என் கணவர் கையில் கிடைத்தது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். நோட்டோடு வாசலில் நின்றார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா."

"அந்த ஜப்பான்கார அம்மா சொல்லிக் குடுத்ததா?"

"ஆமாங்க."

கத்துவார் என்று நினைத்தேன். சபையில் பெண்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள், புதன்கிழமை எங்கே போகிறாள் என்று. அவர் கத்தவில்லை. அந்தப் பக்கத்தை விரலால் தொட்டார்.

"காலிப் படின்னு எழுதியிருக்கே. அன்னிக்கு எனக்கு லீவு. நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன்."

அவரே மேலும் சொன்னார்: "நீ வந்து எட்டிப் பாத்தே. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் அதத்தான் நெனக்கிறோம், இப்பயாச்சும் நீ ஏதாவது சொல்லுவியான்னு பாத்தேன். நீ பாட்டுக்கு உள்ள போயிட்டே."

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், இன்றுவரை அந்தப் படியில் அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவில் வரவில்லை. பார்த்ததை மட்டும் எழுது என்றுதான் கற்றேன். பார்த்ததை எழுதினேன். அவரை நான் பார்க்கவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியலைங்க, நான் பாக்கல" என்றேன். நோட்டை மேசையில் வைத்துவிட்டுச் சோறு சாப்பிடாமல் வெளியே போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது, ரயில் ஊதியதையும் பாப்பா திரும்பியதையும் சொன்னேன். அவருக்குத் தெரியாது. போட்டோவில் முகம் கலங்கியது தன் வண்டிச் சத்தத்தால் என்று கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் ஆறுதலாகச் சொல்ல நினைத்தது இன்னொரு பாரமாகப் போய்விட்டது. ஆனாலும் அன்றிலிருந்து நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

சீனாவோடு ஜப்பான் சண்டை தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். கிள்ளான் கடைத்தெருவில் பாதிக்கு மேல் சீனர் கடைகள். ஜப்பான்காரர் கடையில் யாரும் எதுவும் வாங்கக்கூடாது என்று ஆயிற்று. அங்கே போகிறவர்களுக்கும் மற்ற கடைகளில் சாமான் கிடையாது என்றார்கள். போட்டோ கடையின் கண்ணாடிப் பெட்டியில் யாரோ தார் ஊற்றியிருந்தார்கள். உள்ளே இருந்த கல்யாணப் படங்கள் கறுத்து வழிந்தன. அதைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவள் உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தெருவைத் தாண்டவில்லை. பாசாருக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த புதன்கிழமையும் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. என் கணவர், "போயிட்டு வாயேன்லா, பின்பக்கமா போ" என்று சொல்லிக்கூடப் பார்த்தார். நாளைக்கு என்றேன்.

ஐந்தாவது வாரம் அவர் வேலை முடிந்து வந்து தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

"அந்த அம்மா இன்னிக்கு என் வண்டியில போனாங்க. தொறமுகத்துக்கு. கப்பலுக்கு."

"ரெண்டு பேருமா?"

"தனியா. வீட்டுக்காரர் கடைய வித்துட்டு வருவாராம். ரெண்டு பெட்டி. நாந்தான் ஏத்தி வச்சேன். உன்னைக் கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்று காலையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வண்டி எங்கள் கோட்டர்ஸைத் தாண்டித்தான் போயிருக்கும்.

அவளைப் பற்றி எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்தேன். தார், கந்தல் துணி, ரோஸ் விரல் என்று வரும். ஏழாவது ஒலிக்கு முன்னால் நின்றுவிடும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்றவளை வைத்து எழுதத் தெரியவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் அதையே எழுது என்றிருப்பாள்.

கடிதம் போடலாமே என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்கு அவள் எழுத்து தெரியாது. மலாயை இருவரும் பேசினோமே தவிர எழுதக் கற்கவில்லை. முகவரியும் நான் வாங்கி வைக்கவில்லை. போட்டோ கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடை வந்தது.

பிறகு எங்களுக்கு பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றலாயிற்று. வேறு பிள்ளை பிறக்கவில்லை. நான் இன்னும் எழுதுகிறேன். வாரத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்வதில்லை. "அன்னிக்கு மழையில்ல, தூத்தல்தான்" என்பார். அல்லது, "அது நம்ம கேட் இல்ல, பக்கத்து வீட்டுது" என்பார். நான் பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டு, கணக்குச் சரியாக வருகிறதா என்று மறுபடி எண்ண ஆரம்பிப்பேன்.